கழித்தற் குறியின் பொருள்

பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாளுக்கும் மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாளுக்கும் இடையே எத்தனை நாள்கள்? மாணவ நண்பர்களே, இவ்வினாவை நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும், நாட்காட்டியைப் பார்த்து, "28, லீப் ஆண்டாயின் 29" என்று விடை கூறிவிடும். அவ்விடை சரியே. கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் அமெரிக்க வணிகர் ஒருவரிடம் இதே வினாவைக் கேட்டால், அவர் சற்றும் தயங்காமல் "30" என்று கூறக்கூடும். அவர் விடையும் சரியே. அந்நாட்டில் பலவகைக் கடன் பத்திரங்களுக்கு வட்டி கணக்கிடுங்கால், ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள், ஓர் ஆண்டுக்கு 360 நாள் என்று கொள்வது நெடுநாளைய வழக்கம். பிப்ரவரிக்கு ஒரு வட்டி, மார்ச்சுக்கு வேறொரு வட்டி என்ற தொல்லை இல்லாதிருக்க வணிகர் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஒரே வினாவுக்குச் சரியான விடைகள் இரண்டு இருத்தல் எங்ஙனம்? இரண்டு தேதிகளுக்கு நடுவே நாம் இடும் சிறு கோடாகிய கழித்தற் குறிக்கு, நாட்காட்டியில் ஒரு பொருளும் வட்டிக் கணக்கில் மற்றொரு பொருளும் இருப்பதே காரணம். அவ்வாறாயின், கணிப்பொறிக்குள் அக்குறியின் பொருளை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? நிரலை எழுதி விற்றவருக்கா, அதனை வாங்கித் தொழில் நடத்துபவருக்கா? தரவுத்தளங்களின் வரலாற்றிலே இவ்வினா ஒரு பெரிய மாற்றத்துக்கு வித்திட்டது. அம்மாற்றம் யாது, அதனைச் செய்தோர் யாவர், செய்தது எவ்வாறு என்பவற்றை இன்று நோக்குவோம்.

முதற்கண் தரவினம் என்னும் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அதிலே சேர்க்கை எண் ஒரு பத்தி. மாணவன் பெயர் ஒரு பத்தி. பிறந்த தேதி ஒரு பத்தி. மதிப்பெண் பதிவேட்டிலோ மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி. சேர்க்கை எண்ணும் மதிப்பெண்ணும் பார்வைக்கு எண்களே. ஆனால் 40 மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி 40-ஆல் வகுத்தால் வகுப்பின் சராசரி கிடைக்கும். சேர்க்கை எண்களைக் கூட்டி வகுத்தால் கிடைப்பது யாது? ஒன்றுமில்லை. இரண்டு பிறந்த தேதிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கலாம், கூட்டுதல் பொருளற்றது. பெயர்களை வரிசைப்படுத்தலாம், பெருக்க இயலாது. ஆகவே, ஒரு தரவின் இனம் என்பது அது எழுத்தால் ஆனதா, எண்ணால் ஆனதா என்பதோடு முடிந்துவிடுவதன்று. அதன்மேல் எந்தெந்தச் செயல்களை நிகழ்த்தலாம், அச்செயல்களுக்குப் பொருள் யாது என்பனவும் சேர்ந்ததே இனம். இவ்வுரையில் இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் நிறுத்தினாலும் எனக்கு மகிழ்ச்சியே.

எண் சரியாக இருந்தும் இனம் பிழைபட்டால் நேர்வது என்ன என்பதற்கு வானவெளியில் ஒரு சான்று உண்டு. அமெரிக்கா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய ஆய்வுக் கலம் ஒன்று 1999-ஆம் ஆண்டு செப்டம்பரில் அக்கோளை அடைந்தபோது அழிந்தது. உந்துதலின் அளவை ஒரு நிரல் பவுண்டு-விசை அலகில் தந்தது. அதனைப் பெற்ற மறு பக்கத்தார் நியூட்டன் அலகு எனக் கொண்டனர். இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. அது தரவுத்தளத்தில் நேர்ந்த பிழையன்று. ஆயினும் தன் இனத்தைச் சொல்லாத வெற்றெண் எத்துணை ஆபத்தானது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். எவ்வகைத் தகவலையும் வரிகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கலாம் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு பத்திக்கும் உரிய மதிப்புகள் எந்தத் தொகுதியிலிருந்து வருகின்றன என்பதை வரையறுக்கவேண்டும் என்றும் அவர் அப்பொழுதே கூறியிருந்தார். கருத்து அகன்றது. அதனை நிறைவேற்ற எழுந்த முதல் தரவுத்தளங்களோ, முழுவெண், பின்னம் தாங்கும் எண், எழுத்துத் தொடர் என்னும் ஒரு சில இனங்களோடு அமைந்துவிட்டன. சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்குக்கும் அவை போதும். அந்நாளில் கணிப்பொறியை வாங்கியவர்களுக்கும் அவையே தேவை.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜீன் வாங் என்னும் பேராசிரியர் இருவர் 1973-இல் இங்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதன் தொடக்க நோக்கங்களில் ஒன்று, நகரப் பொருளாதாரம் ஆராய்வோருக்காக நிலப்படத் தகவல்களைச் சேமித்தல். வியப்பு யாதெனில், இங்கிரெஸ் பெரும்புகழ் பெற்றும், எதற்காகப் பிறந்ததோ அந்த நிலப்படத்துக்கு அது சரிவர உதவவில்லை! ஏனென்றால், அதற்குப் புள்ளி என்றால் தெரியாது, கோடு தெரியாது, பலகோணம் தெரியாது.

ஒரு செவ்வக நிலத்தைக் குறிக்க நான்கு எண்களைத் தனித்தனிப் பத்திகளில் இடவேண்டும்: இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை, கீழெல்லை, மேலெல்லை. இரண்டு நிலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று அறிய, முதல் நிலத்தின் இட எல்லை இரண்டாவதன் வல எல்லையைத் தாண்டாதிருக்கிறதா, இரண்டாவதன் இட எல்லை முதலாவதன் வல எல்லையைத் தாண்டாதிருக்கிறதா, அவ்வாறே மேலும் கீழும், என நான்கு ஒப்பீடுகளை ஒவ்வொரு முறையும் எழுதவேண்டும். செவ்வகத்துக்கே இப்பாடு. வளைந்தும் நெளிந்தும் ஓடும் ஓர் ஆற்றங்கரை எல்லையை எப்படிக் கேட்பது? "படிகிறதா" என்று ஒரே சொல்லில் கேட்க வழி இல்லை. தமக்கு வேண்டிய வினைச்சொல் இல்லாத மொழியில் பேசச் சொன்னது போன்ற நிலை அது.

1980-களில் இங்கிரெஸ் வணிகப் பொருளாகியபின் அதில் தேதி என்னும் இனமும் சேர்க்கப்பட்டது. நாட்காட்டியின்படி, லீப் ஆண்டு உட்பட, மிகச் சரியாகவே அமைத்தனர். அதன்பின் வாடிக்கையாளர் ஒருவர், தேதிக் கழித்தலைப் பிழையாக அமைத்துவிட்டீர்கள் என்று முறையிட்டதை ஸ்டோன்பிரேக்கர் பிற்காலத்தில் எடுத்துரைத்திருக்கிறார். அந்த வாடிக்கையாளர் கடன் பத்திரக் கணக்கு வைத்திருந்தவர். நாம் தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு அவருக்கு வேண்டிய விடை 30. கழித்தற் குறிக்குத் தாமே ஒரு பொருள் வகுத்துக்கொள்ள அவர் விரும்பினார். நிரலில் அதற்கு இடமில்லை. ஒவ்வொரு தேதியையும் எடுத்துத் தம் சொந்த நிரலுக்குக் கொண்டுசென்று கழித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாது போயிற்று.

"வணிகர் கேட்டதையும் ஓர் இனமாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்ததே" என்று நீங்கள் கருதலாம். சேர்க்கலாம்தான். ஆனால் அக்காலத் தரவுத்தள நிரலின் உட்புறத்தைச் சற்று எட்டிப்பாருங்கள். பயனர் தட்டெழுதியதை உள்வாங்கும் பகுதியில், "முழுவெண்ணாயின் இவ்வாறு செய், எழுத்துத் தொடராயின் அவ்வாறு செய்" என்று ஒரு படிக்கட்டு இருக்கும். விடையை அச்சிடும் பகுதியில் அதே படிக்கட்டு. ஒப்பிடும் பகுதியில், வரிசைப்படுத்தும் பகுதியில், தேடும் பகுதியில் மீண்டும் மீண்டும் அதே படிக்கட்டு. இனங்களைப் பற்றிய அறிவு ஓரிடத்தில் இல்லாமல் நிரல் முழுதும் சிதறிக் கிடக்கும். புதிய இனம் ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் அத்தனை இடங்களையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றிலும் ஒரு படி கட்டவேண்டும். ஓரிடத்தை மறந்தால் பிழை. இன்று கடன் பத்திரக்காரர் வருவார். நாளை மின்சுற்று வரைபவர் வருவார். மறுநாள் வேதியியலார் தம் மூலக்கூறுகளோடு வந்து நிற்பார். உலகத்துத் தொழில்களுக்கெல்லாம் வேண்டிய இனங்களை ஒரு நிரற்குழு எழுதி முடிப்பது ஆகிற காரியமன்று.

பெர்க்லிக் குழுவினர் முதலில் இங்கிரெசையே திருத்திப் பார்த்தனர். பின்னர் அனைத்தையும் புதிதாக எழுதுவதே நன்று என்று துணிந்தனர். 1986-இல் ஸ்டோன்பிரேக்கரும் லாரன்சு ரோ என்பாரும் வெளியிட்ட கட்டுரையில் அப்புதிய தரவுத்தளத்தின் அமைப்பு விளக்கப்பெற்றது. இங்கிரெசுக்குப் பிந்தியது என்னும் பொருளில் அதற்குப் போஸ்ட்கிரெஸ் என்று பெயரிட்டனர்.

அவர்கள் கண்ட வழி மிக எளிமையானது. எளிமையானவை யாவும் கண்டபின்னரே எளிமையாகத் தோன்றும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தரவுத்தளத்தின் தொழிலே அட்டவணைகளைக் காத்தல். ஆதலின், இனங்களைப் பற்றிய செய்திகளையும் நிரலிலிருந்து வெளியே எடுத்து, அட்டவணைகளாகவே எழுதி வைத்தனர். ஓர் அட்டவணை இனங்களின் பதிவேடு. இனத்தின் பெயர், அது எத்தனை பைட்டு இடம் கொள்ளும், அதனை உள்வாங்கும் செயற்கூறு எது, வெளியிடும் செயற்கூறு எது என்பன அதில் இருக்கும். மற்றோர் அட்டவணை செயற்கூறுகளின் பதிவேடு. இன்னொன்று செயற்குறிகளின் பதிவேடு: இந்தக் குறி, இடப்புறம் இந்த இனமும் வலப்புறம் அந்த இனமும் வந்தால், இன்ன செயற்கூற்றை அழைக்கவேண்டும் என்று அது சொல்லும்.

இப்பொழுது கழித்தற் குறி வந்தால் நிகழ்வது யாது? தரவுத்தளத்தின் மைய நிரலுக்குக் கழித்தல் என்றால் இன்னதென்று தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. குறியின் இருபுறமும் உள்ள இனங்களைப் பார்க்கிறது, பதிவேட்டைப் புரட்டுகிறது, அங்கே குறித்துள்ள செயற்கூற்றை அழைக்கிறது. நம் வணிகர் "பத்திரத் தேதி" என்று ஓர் இனத்தைப் பதிவு செய்து, அதன் கழித்தலுக்கு இவ்வாறு ஒரு செயற்கூறு எழுதிக்கொள்வார்: ஆண்டுகளின் வேறுபாட்டை 360-ஆலும், மாதங்களின் வேறுபாட்டை 30-ஆலும் பெருக்கி, நாள்களின் வேறுபாட்டையும் சேர்த்துக் கூட்டு. பிப்ரவரி 15, மார்ச்சு 15 என்பவற்றை இட்டுப் பாருங்கள். ஆண்டு வேறுபாடு 0. மாத வேறுபாடு 1. நாள் வேறுபாடு 0. விடை 30. (மாதக் கடைசி நாள்களுக்குத் தனி விதிகள் உண்டு, அவற்றையும் அவரே எழுதிக்கொள்வார்.) சாதாரணத் தேதியின் கழித்தல் தன் போக்கில் 28 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை.

இதில் நான் பெரிதும் போற்றும் கூறு ஒன்று உண்டு. போஸ்ட்கிரெசில் முழுவெண்ணும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரியே. வணிகர் படைத்த பத்திரத் தேதியும் ஒரு வரியே. உள்ளூர்க்காரருக்கு ஒரு வாயில், வெளியூர்க்காரருக்கு வேறு வாயில் என்ற பிரிவு இல்லை. பழைய நிரல் ஒன்றை இவ்வழிக்குத் திருத்த விரும்புவோரும் இம்முறையையே கைக்கொள்ளுதல் நன்று. முதலில் ஏற்கெனவே உள்ள இனங்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டுக்கு மாற்றவேண்டும். வெளியே விடைகள் ஒன்றும் மாறவில்லை என்று சோதித்துக்கொள்ளவேண்டும். பழைய இனங்கள் யாவும் புதிய வாயில் வழியே நடமாடத் தொடங்கியபின், வாயிலைப் பிறருக்குத் திறந்துவிடவேண்டும். பழையவற்றைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டுப் புதியவற்றுக்கு மட்டும் பதிவேடு வைத்தால், நிரல் இரட்டிப்பாகுமேயன்றித் திருந்தாது.

இனி, சற்றுக் கடினமான பகுதிக்கு வருவோம். இலட்சக்கணக்கான வரிகளில் ஒன்றை விரைவில் தேடுதற்குத் தரவுத்தளம் ஓர் அடைவை வைத்துக்கொள்கிறது. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்றது அது. பி-மரம் என்னும் அமைப்பு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பேயர், மெக்ரைட் என்னும் இருவர் 1970-களின் தொடக்கத்தில் தந்தது. பி-மரத்துக்கு ஒரு தரவைப் பற்றி வேறொன்றும் தெரியவேண்டியதில்லை. இரண்டில் எது முந்தியது, எது பிந்தியது, அல்லது இரண்டும் சமமா என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும். ஆகவே புதிய இனத்தைப் படைப்பவர், சிறிது, பெரிது, சமம் முதலிய ஐந்து ஒப்பீடுகளையும் தாமே எழுதித் தந்துவிட்டால், பழைய பி-மரம் அப்புதிய இனத்துக்கும் அப்படியே பணி செய்யும்.

இது நம் தமிழுக்கும் தொடர்புடைய செய்தியாகும். கணிப்பொறியில் தமிழெழுத்துக்கு ஒருங்குறி எண்கள் உண்டு. அவ்வெண்களின் ஏறுவரிசைப்படியே பெயர்களை வரிசைப்படுத்தினால், நம் நெடுங்கணக்கு குலைந்துவிடும். அங்கே னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னரே நிற்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி லகரத்துக்கு முன் வருகிறது. ளகரம் ழகரத்தை முந்துகிறது. விளைவாக, வருகைப் பதிவேட்டில் கமலாவுக்குப் பின் வரவேண்டிய கனிமொழி முன்னே வந்துவிடுவாள். வழுதிக்கு முன் வளவன் நிற்பான். நெடுங்கணக்குப்படி ஒப்பிடும் செயற்கூறுகளை எழுதித் "தமிழ்ப் பெயர்" என்று ஓர் இனத்தைப் பதிவு செய்துவிட்டால் இத்தொல்லை நீங்கும். க என்னும் உயிர்மெய்க்கு முன் க் என்னும் மெய் வரவேண்டும் என்பதையும் அவ்வொப்பீட்டிலேயே சொல்லலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கமலா கனிமொழிக்கு முந்தியவள், கனிமொழி வழுதிக்கு முந்தியவள் என்றால், கமலா வழுதிக்கும் முந்தியவளாதல் வேண்டும். நாம் எழுதும் ஒப்பீடு இவ்விதியை மீறுமாயின், தரவுத்தளம் அதனைக் கண்டுபிடிக்காது, நம்மை நம்பிவிடும். நம்பி அடைவைக் கட்டும். பிறகு, இருக்கிற பெயரைத் தேடினாலும் "இல்லை" என்று கூறும். பெயர் அட்டவணையில் இருக்கும். அடைவின் வழியே செல்பவருக்கு அது தென்படாது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலே தவறான விடை வருதல் மிகக் கொடியது.

நிலப்படத்தின் பலகோணங்களுக்கோ பி-மரமும் உதவாது. இரண்டு நிலங்களில் எது "முந்தியது"? அக்கேள்விக்கே பொருளில்லை. இதற்காக அன்டோனின் கட்மன் என்பார் 1984-இல், பெர்க்லியிலேயே, ஆர்-மரம் என்னும் அமைப்பைத் தந்தார். அருகருகே உள்ள உருவங்களை ஒரு செவ்வகப் பெட்டிக்குள் அடக்கி, அத்தகைய பெட்டிகளை மேலும் பெரிய பெட்டிகளுக்குள் அடக்கிச் செல்வது அதன் முறை. தேடும் இடத்தைத் தொடாத பெட்டியைத் திறவாமலே ஒதுக்கிவிடலாம். 1995-இல் ஹெல்லர்ஸ்டீன், நாட்டன், பெஃபர் என்னும் மூவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, அடைவு மரத்தின் பொதுவான எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை இனத்தைப் படைத்தவரே எழுதித் தரும் முறையை வகுத்தனர்.

இத்துணைச் சுதந்திரமும் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. ஒவ்வொரு குறிக்கும் பதிவேட்டைப் புரட்டுதல் சிறிது காலத்தைக் கொள்ளும். பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்வதன் மூலம் அதனைப் பெரிதும் குறைத்துவிட்டனர். அதனினும் பெரிய இடர், பயனர் எழுதிய செயற்கூறு தரவுத்தளத்தின் உள்ளேயே நுழைந்து இயங்குவது. சி மொழியில் எழுதிய அத்தகைய செயற்கூற்றில் ஒரு பிழை இருந்தால், அது தரவுத்தளம் முழுவதையும் வீழ்த்தக்கூடும். ஆதலால் அவற்றை இணைக்கும் உரிமை தரவுத்தளத்தின் முதன்மைப் பொறுப்பாளருக்கே அளிக்கப்பெற்றுள்ளது. என் கருத்தில் இக்கட்டுப்பாடு முறையானதே. பொருள் வகுக்கும் உரிமையைப் பயனருக்குக் கொடுத்தபின், அவர் செய்யும் பிழைக்கும் இடம் கொடுத்ததாகவே கொள்ளவேண்டும்.

போஸ்ட்கிரெஸ் ஆராய்ச்சி நிலையிலிருந்து பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் மாணவர் இருவர் அதற்கு எஸ்.கியூ.எல். மொழியைக் கற்பித்தனர். 1996-இல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறிற்று. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற நிலையில் இன்றும் வளர்ந்து வருகிறது. 1999-இல் வெளிவந்த எஸ்.கியூ.எல். தரநிலையிலும் பயனர் வரையறுக்கும் தரவினங்கள் இடம்பெற்றன. ஸ்டோன்பிரேக்கருக்கு 2014-ஆம் ஆண்டுக்குரிய டியூரிங் விருது வழங்கப்பெற்றது.

நிலப்படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கனடா நாட்டு விக்டோரியா நகரத்தில் இருந்த ஒரு நிறுவனத்தார் 2001-இல் போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் இணைப்பை வெளியிட்டனர். புள்ளி, கோடு, பலகோணம் யாவும் அதில் இனங்களாகப் பதிவாகியுள்ளன. "படிகிறதா", "உள்ளடங்குகிறதா" என்பன ஒரே சொல்லில் கேட்கக்கூடிய வினாக்களாகிவிட்டன. முன்சொன்ன மூவரின் பொது மரமே அவற்றுக்கு அடைவாகப் பயன்படுகிறது. பெர்க்லியில் 1973-இல் கருதிய காரியத்தை, 28 ஆண்டுகளுக்குப் பின், வேறொரு நாட்டார் பதிவேட்டின் வாயில் வழியே வந்து முடித்துக் கொடுத்தனர்.

கல்லூரி மாணவர்கள் சிந்திப்பதற்கு ஒன்று சொல்லி அமைகிறேன். இனங்களின் பதிவேடும் ஓர் அட்டவணை என்றோம். அதற்கும் பத்திகள் உண்டு. அப்பத்திகளுக்கும் இனங்கள் உண்டு. அவ்வினங்கள் எங்கே பதிவாகியிருக்கும்? அதே பதிவேட்டில்! எனில், அதன் முதல் வரியை எழுதுவதற்கு முன், முதல் வரியின் இனம் தெரிந்திருக்கவேண்டும். கோழியா முட்டையா என்னும் வழக்கு இங்கே விளையாட்டன்று. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதனைத் தீர்க்கும் முறை: புதிய தரவுத்தளத்தை நிறுவும் அந்த ஒரு வேளைக்கு மட்டும், ஒரு சில அடிப்படை இனங்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்துள்ள தொடக்க நிலையில் அது இயங்குகிறது. அவற்றைக் கொண்டு முதற் பதிவேடுகளை எழுதுகிறது. எழுதி முடித்தபின் அந்நிலையை விட்டு வெளியேறுகிறது. அதன்பின் வழக்கமான பணிகளுக்கு அப்பதிவேடுகளே ஆதாரம். ஏட்டில் ஒரு சிறு தரவுத்தளத்தை வரைந்துகொண்டு, தொடக்க நிலைக்குக் குறைந்தது எத்தனை இனங்கள் வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.